வரம்புக்குச் சாட்சி

இருபத்தொரு வருடம் இருந்த வரம்பைக் காணவில்லை. ஞானேஸ்வரி முதலில் தான்தான் வழி தவறி வேறு யாருடைய வயலுக்கோ வந்துவிட்டதாக நினைத்தாள். ஐந்து வயதிலிருந்து கால் வைத்த மண்ணில் அப்படி ஒரு மடத்தனமும் வருமா? மருதமரம் நின்ற இடத்தில் நின்றது. வாய்க்கால் கிடந்த இடத்தில் கிடந்தது. மரத்தடியிலிருந்து வாய்க்கால் வாய்வரை நேராக ஓடிய வரம்பை மட்டும் உழவு இயந்திரம் தின்றுவிட்டிருந்தது. அவளுடைய ஒன்றரை ஏக்கரும் நடராசாவின் ஒன்றரை ஏக்கரும் ஒரே உழவாகப் புரண்டு கிடந்தன.

நடராசா மருதமரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தார். எழுபத்துநாலு வயது. வயலுக்குக் கதிரை கொண்டுவருகிற மனிதர் அக்கராயனில் அவர் ஒருவர்தான். மகன் பிரதீபன் உழவு இயந்திரத்தை நிறுத்தாமல், சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தான்.

"ஐயா, ஆரைக் கேட்டு வரம்பை உழுதனீங்கள்?"

"என்ர வயலுக்குள்ள வரம்பு கட்டுவன், உழுவன். நான் ஆரைக் கேக்கவேணும்?"

"வடக்கால பாதிதான் உங்கடை. தெற்குப் பாதி எங்கடை. தீர்ப்பு இருக்கு."

"எந்தக் கோட்டுத் தீர்ப்பு?"

ஞானேஸ்வரிக்குப் பதில் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊரில் அவள் இருந்தாள்.

"சொல்லு பாப்பம், எந்தக் கோடு எண்டு. ஆமிக் காம்பில இருக்கிறவங்களும் கேக்கட்டும்."

"நீங்களும்தானே ஐயா அந்தக் கோட்டில ஏறி நிண்டனீங்கள்."

"தோட்டக்காட்டில இருந்து வந்ததுகள் எண்டு பாவம் பாத்து இருக்க விட்டன். இருக்க விட்டதை எழுதித் தந்தது எண்டு நினைச்சுப் போட்டியளோ? பேமிற் என்ர பேரில. மூண்டு ஏக்கரும் என்ர பேரில. அரசாங்கம் பேமிற்காரருக்குக் காணி உறுதி குடுக்கப் போகுது. வாங்கேக்க முழுசா வாங்குவன்."

மலைநாட்டுத் தோட்டத்து ஆட்களை இழிக்கிற அந்தத் தோட்டக்காடு என்ற சொல்லைக் கேட்டுத்தான் ஞானேஸ்வரி வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டாள், சங்கக் கடையில் கேட்டாள், கோயில் வீதியில் கேட்டாள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும் என்று சொல்கிறவர்கள் ஒருநாளும் கேட்காதவர்கள். அவளுக்கு ஒவ்வொரு முறையும் சுட்டது. அன்றைக்கும் சுட்டது. ஆனால் அதைவிடப் பெரிது அந்தக் கடைசி வசனம். உறுதி ஒருமுறை மூன்று ஏக்கருக்கும் ஒரே பெயரில் எழுதப்பட்டுவிட்டால், பிறகு அந்த மண்ணில் அவளுக்கு நடக்கவும் உரிமை இல்லை. புருசனைப் போரில் செல்லடிக்குக் கொடுத்தவள். மகள் தனுஷா கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே நாளைக் கழிக்கிறவள். அந்த ஒன்றரை ஏக்கர்தான் அவர்களை யாருடைய வாசலிலும் நிற்காமல் வைத்திருந்தது.

நடந்த கதை இதுதான். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்த பழனியாண்டி, பெண்சாதியையும் ஐந்து வயது ஞானேஸ்வரியையும் கொண்டு அக்கராயனில் இறங்கினார். நடராசாவின் தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் பேமிற் என்ற அனுமதிப் பத்திரத்தோடு கிடைத்த மூன்று ஏக்கரில் பாதி அப்போதும் காடு. குடும்பம் யாழ்ப்பாணத்தில். பழனியாண்டி அந்தப் பாதிக் காட்டை வெட்டி, வேர் கிளப்பி, மேடு தட்டி வயலாக்கினார். வருடாவருடம் விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவு செய்யும்போது இரண்டு பாதிக்கும் உரிய பங்கு வேலையையும் அவரே செய்தார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது நடராசாவும் பிள்ளைகளோடு வந்து இறங்கினார். இறங்கிக் கொஞ்சநாளில், முழு வயலும் தனது என்றார்.

அடிபிடி எட்டு வருடம் நடந்தது. இரண்டாயிரத்து மூன்றில், அந்தக் காலத்தில் வன்னியை ஆண்டுகொண்டிருந்த ஆயுத இயக்கத்தின் நீதிமன்றுக்கு வழக்குப் போனது. அதே நாளில் நடராசாவுக்கு அதே மன்றில் இன்னொரு வழக்கும் இருந்தது. மகள் சுகந்தினியை ஐந்து வருடமாக அடித்து நொறுக்கிய புருசனிடமிருந்து அவளுக்கு விடுதலை வேண்டும் என்ற வழக்கு. பஸ் இல்லாத பாதை. வாதியும் பிரதிவாதியும் ஒரே உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறிப் போய், பின்னேரம் அதே பெட்டியில் திரும்பி வந்தார்கள். காட்டை வயலாக்கியவனுக்குப் பாதி வயல் என்று ஒரு தீர்ப்பு. சுகந்தினிக்கு விவாகரத்து என்று இன்னொரு தீர்ப்பு. இரண்டிலும் ஒரே முத்திரை.

வயல் வழக்கில் தோற்ற நடராசா பெட்டியில் வைத்துப் பழனியாண்டியின் கழுத்தைப் பிடிப்பார் என்று எல்லாரும் பயந்தார்கள். நடராசா மகளின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வீக்கம் இல்லை.

"ஒரே கோடு, ஒரே நாள், பழனியாண்டி" என்றார். "என்ர பிள்ளைக்கு நீதி தந்தவங்கள் உனக்கும் தந்திருக்கிறாங்கள். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை எறிய ஏலாது."

"அப்ப வார்த்தை மாறக்கூடாதுங்க" என்றார் பழனியாண்டி.

"நான் மாறன்."

பெட்டி வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போனது. சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும் என்றார் நடராசா. வரம்புக்குக் கயிறு பிடித்தபோது மருதமரத்தடியில் சுகந்தினி ஒரு நுனியைப் பிடித்தாள். வாய்க்கால் வாயில் ஞானேஸ்வரி மறு நுனியைப் பிடித்தாள். முதல் மண்வெட்டி மண்ணை நடராசாவே வெட்டிப் போட்டார். பிறகு மரத்தடியில் ஆண்கள் இருவரும் சுகந்தினியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஏதோ குனிந்து பார்த்தார்கள். மழை துமித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்ற ஞானேஸ்வரி கயிறு தளராமல் பிடித்திருந்தாள். அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

பிறகு போர் வந்தது. பழனியாண்டியை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார்கள். தீர்ப்புக் கடதாசியை மட்டும் ஞானேஸ்வரி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். மீள்குடியேறியபோது அந்த மன்றும் இல்லை, முத்திரையும் இல்லை. கடதாசியை வெளியில் எடுத்தால் வீட்டுக்கு விசாரணை வரும் என்ற காலம். ஆனால் பற்றைக்குள் கிடந்த வரம்பை நடராசாவே துப்புரவாக்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்குள் எழுதாத ஒரு சட்டம் அப்போது உண்டானது. அந்தக் காலத்துத் தீர்ப்பைக் கையில் எடுக்காதே, வாயில் எடுக்காதே, ஆனால் மீறாதே. யாருக்குக் கிணற்றில் பங்கு கிடைத்தது, யாருக்குப் பாதை கிடைத்தது, யாருக்கு விவாகரத்துக் கிடைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லமாட்டார்கள். சுகந்தினியின் முதல் கலியாணம் அரசாங்கப் பதிவில் அறுபடாமல் அப்படியே கிடந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவளும் அவளை மறுமணம் செய்த அஜந்தனும் அரசாங்கப் பதிவுக்குப் போனபோது இதற்கு முன் மணமாகவில்லை என்று அவள் கையெழுத்து வைத்தாள். சாட்சிக்கு ஊரில் இரண்டு பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார்கள். அதில் ஒரு பிழையும் இருந்ததாக ஞானேஸ்வரி நினைக்கவில்லை. ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பிள்ளை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, ஊர்வழக்குச் சட்டங்களைப் பற்றி வீடு வீடாகக் கேட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு இறுக்கமான சட்டம். அதைத்தான் நடராசா உழுது தள்ளினார்.

காணிக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். கடதாசியின் முத்திரையைக் கண்டதும் மட்டும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, உதை மடிச்சு உள்ளுக்கு வையுங்கோ. நான் காணேல்லை."

"அப்ப நான் எதைக் காட்டுறது?"

"கோட்டை விடுங்கோ. பேமிற்காரர் தானே விரும்பி வயலைப் பிரிச்சுத் தந்தவர் எண்டதுக்கு ஒரு துண்டு எழுத்து இருக்கோ? இல்லாட்டில் கண்ணால கண்ட சாட்சி இருக்கோ? அதோட மத்தியஸ்த சபைக்குப் போங்கோ. அங்க ஒரு இணக்கம் எழுதினால் அதை வைச்சு நாங்கள் பேமிற்றைப் பிரிக்க முயற்சி செய்யலாம்."

வெளியே வந்து ஞானேஸ்வரி விரல் மடித்துப் பார்த்தாள். பழனியாண்டி இல்லை. அன்றைக்கு வரம்பில் மண் போட்ட அயலவர் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். உழவு இயந்திரக்காரன் எங்கே என்று தெரியாது. மிச்சம் கயிற்றின் மறு நுனியைப் பிடித்தவள் ஒருத்திதான். நடராசாவின் மகள், நடராசாவின் வளவுக்குள்ளேயே வீடு கட்டி இருக்கிறவள், தகப்பனுக்கு எதிராக வாய் திறப்பாளா? அவளிடம் கேட்டுப் போய் அவமானப்படுவதைவிடச் சாட்சி இல்லாமலே சபையில் முறைப்பாடு கொடுக்கலாம் என்று ஞானேஸ்வரி முடிவெடுத்தாள்.

ஆனால் சபைக்கு மூன்று நாள் இருக்கும்போது சுகந்தினியே வந்தாள். பின்னேர வெயிலில் படலையைத் திறந்து, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றாள். ஞானேஸ்வரி நிமிரவில்லை. இருங்கோ என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த நாயைக்கூட அப்படி நிற்க விடமாட்டாள். அன்றைக்கு விட்டாள்.

"அக்கா, சனிக்கிழமை நானும் வருவன்."

"வாங்கோ. கொப்பருக்குப் பக்கத்தில கதிரை போட்டு வைப்பினம்."

சுகந்தினி கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "அந்தப் பழைய கதையை மட்டும் அங்க எடுக்காதேங்கோ. என்ர மனுசனுக்குப் பள்ளிக்கூடக் கந்தோரில வேலை. மகள் யதுர்ஷிகா இந்த வருசம் சோதினை எடுக்கிறாள். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீங்கள் என்னத்தைப் பாக்கிறது, பிள்ளை? உங்கட கொப்பரும் நான் மாறன் எண்டு சொன்னவர்தான். அந்தப் பெட்டியில நானும் இருந்தனான்."

"அக்கா, நான் சொல்லுறதைக் கொஞ்சம்..."

ஒழுங்கையில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. பிரதீபன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இயந்திரத்தை நிறுத்தினான். இறங்காமல் தமக்கையைப் பார்த்தபடியே இருந்தான். சுகந்தினி வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். ஞானேஸ்வரி சவர்க்காரத்தைத் துணியில் போட்டுத் தேய்த்தாள். தங்களுக்கு வேண்டியதை வாயை மூடிக்கொண்டு தரச் சொல்லிக் கேட்கத்தான் இவர்களுக்கு நம் வீட்டு வாசல் தெரியும் என்று அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வருடம் தன் வாயைக் கட்டி வைத்து அந்தப் பெண்ணின் குடும்பத்தைக் காத்தது யார்? அவள்தானே. அதற்குக் கிடைத்த பரிசா உழுத வரம்பு?

மத்தியஸ்த சபை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அரைச்சுவர் வைத்த வகுப்பறை. உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது என்பது அந்தச் சபையின் சட்டம். அரைச்சுவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. சுவருக்கு வெளியே அடுத்த பிணக்குக்காரரும் பார்க்க வந்தவர்களுமாக இருபது பேர் நின்றார்கள். அவர்களுக்குள் அஜந்தனும் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் ஞானேஸ்வரி முழங்கால் இடிக்க இருந்தாள். எதிரே நடராசா, பிரதீபன், சுகந்தினி. மூன்று மத்தியஸ்தர்கள். தலைவர் ஏரம்பு இளைப்பாறிய அதிபர், நடராசாவின் குடும்பம் வந்த அதே குடியேற்றத் திட்டத்துக்காரர். வந்தவுடன் நடராசாவிடம் சுகம் விசாரித்தார். ஞானேஸ்வரியிடம் அடையாள அட்டை கேட்டார்.

நடராசா பேமிற்றின் போட்டோக்கொப்பியை மூன்று மத்தியஸ்தர்களுக்கும் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது அரசாங்கம் தந்த பேமிற். அவளிட்ட என்ன இருக்கு? தடை செய்த ஆக்களின்ர கடதாசி. ஒரு நாட்டில ஒரு சட்டந்தான் இருக்கலாம், தலைவர். நான் படிச்சவன், எனக்கு அது தெரியும். அவளின்ர தகப்பன் என்னட்டைக் கூலிக்கு நிண்டவன்."

"கூலிக்கோ?" ஞானேஸ்வரி எழுந்துவிட்டாள். "தொண்ணூற்றைஞ்சில நீங்கள் ஒரு உரப்பையோட வந்து இறங்கேக்க எங்கட வீட்டுக் கஞ்சியைத்தானே ஐயா குடிச்சனீங்கள். கூலிக்காரன் முதலாளிக்குக் கஞ்சி ஊத்தினவனோ?"

"இருந்து கதையும். இது சந்தையில்லை" என்றார் ஏரம்பு.

"அவர் இருந்துகொண்டு என்னவும் சொல்லலாம். நான் எழும்பினால் சந்தையோ?"

"உங்கட ஆக்களின்ர பழக்கமே உதுதான்" என்றார் நடராசா, மெதுவாக, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "இரக்கம் காட்டினால் உரிமை எண்டு பிடிக்கிறது." பிரதீபன் சிரித்தான். சுவருக்கு வெளியேயும் யாரோ சிரித்தார்கள்.

ஏரம்பு பேனையால் மேசையைத் தட்டினார். "கோட்டுக் கதை இஞ்ச வேண்டாம். எனக்குத் தேவை ஒண்டுதான். நடராசா தானே விரும்பி வயலைப் பிரிச்சு வரம்பு கட்டினவர் எண்டதுக்கு எழுத்து இருக்கோ, கண்ட சாட்சி இருக்கோ?"

ஞானேஸ்வரி எதிரே பார்த்தாள். சுகந்தினியைத்தான் பார்த்தாள். ஒரு கணம், வெட்கம் கெட்ட ஒரு நம்பிக்கையோடு பார்த்தாள். சுகந்தினி அவளுடைய கண்ணைச் சந்திக்கவில்லை. குனிந்து மடியிலிருந்த கைப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஞானேஸ்வரியை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"சாட்சியோ கேக்கிறியள்? அந்தக் கோடு செல்லாதெண்டால், அண்டைக்கு அதே கோட்டில, அதே நாள், இவற்ற மகளுக்குக் குடுத்த விவாகரத்தும் செல்லாது. முதல் கலியாணம் அரசாங்கக் கச்சேரிப் பதிவில இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. போய்ப் பாருங்கோ. அப்ப பிறகு கலியாணம் முடிக்காத பிள்ளை எண்டு சொல்லி எழுதின எழுத்து என்ன எழுத்து? என்ர வரம்பு பொய்யெண்டால் அந்தக் கலியாணமும் பொய். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை எறிய ஏலாது எண்டு சொன்னவர் இவர். இவரைக் கேளுங்கோ!"

சுவருக்கு வெளியே சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து காத்த பூட்டை அவள் ஒரே மூச்சில் உடைத்துவிட்டாள். பொய் சொல்வானேன், அந்தக் கணத்தில் அவளுக்கு இனித்தது. கிழவர் இப்போது விழுவார் என்று நினைத்தாள். மகளுக்காக விழுவார். மகளுக்காக எட்டு வருடப் பகையை ஒரு பின்னேரத்தில் விட்ட மனிதர்தானே.

நடராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பேமிற்றைப் பார்த்தார்.

"செல்லாது" என்றார்.

"எது?" என்றார் ஏரம்பு.

"ரெண்டும் செல்லாது. எழுதுங்கோ. அவளின்ர விசயம் அவளின்ர. சட்டம் என்ன சொல்லுதோ அதை அவள் பாக்கட்டும். காணி என்ர பேரில."

ஏரம்பு எழுதவில்லை. மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் தரையைப் பார்த்தார்கள். அரைச்சுவருக்கு மேலால் தெரிந்த அஜந்தனின் தலை கீழே போய், பிறகு மோட்டார்சைக்கிள் உதைபடும் சத்தம் கேட்டது. இணக்கம் எட்டப்படவில்லை என்ற சான்றிதழை ஏரம்பு அவசர அவசரமாக நிரப்பி இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று கிழித்துக் கொடுத்தார். விரும்பினால் இனி நீதிமன்றம் போகலாம் என்றார். வழக்குப் பேச வழக்கறிஞரும், நிற்கக் காலும் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நல்ல செய்திதான்.

நடராசாவும் பிரதீபனும் முச்சக்கர வண்டியில் போனார்கள். மகளை ஏறச் சொல்லவில்லை. அவளும் பார்க்கவில்லை. அக்கராயனுக்கு ஒரே ஒரு பஸ்தான், அதுவும் ஒரு மணிக்கு. ஆகவே தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெண்களும் நின்றார்கள். நடுவில் நாலு பேர் நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது. வாயில் இருந்த இனிப்பு எப்போதோ கசந்துவிட்டது. எப்படிக் கூப்பிடுவது என்று ஞானேஸ்வரி யோசித்துக்கொண்டிருந்தபோது சுகந்தினியே பக்கத்தில் வந்தாள். கைப்பைக்குள் இருந்து மடித்த போட்டோக்கொப்பி ஒன்றை எடுத்து விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதை எடுக்கத்தான் குனிஞ்சனான்."

நடராசாவின் கையெழுத்து. சாய்ந்த, படித்த எழுத்து. "மருதமரம் தொட்டு வாய்க்கால் வாய் வரை நேர் வரம்பு. வடக்கு நடராசா, தெற்கு பழனியாண்டி. இருவரும் சம்மதம்." கீழே அவருடைய ஒப்பம். அதற்குப் பக்கத்தில் தடித்த எழுத்துகளில், ஒவ்வொன்றாகக் குத்தி எழுதிய, அவளுடைய அப்பாவின் பெயர். மழைத்துளி பட்டு மை கரைந்த இடமும் தெரிந்தது.

"அண்டைக்கு மரத்தடியில எழுதினவை. உங்கட அப்பா தன்ர தீர்ப்பைப் பொலித்தீனில சுத்தி மடியில கட்டிப்போட்டார். கையில இருந்த கடதாசி என்ரதான். என்ர தீர்ப்பின்ர பின்பக்கத்தில எழுதினவை."

ஞானேஸ்வரி கையை நீட்டினாள். சுகந்தினி கடதாசியைப் பின்னால் இழுத்தாள்.

"முன்பக்கத்தைக் காட்டாமல் பின்பக்கத்தை மட்டும் கொப்பி எடுத்து, அப்பாவுக்கு முன்னால வைச்சு, கயிறு பிடிச்சனான் நான்தான் எண்டு சொல்ல வந்தனான். தலைவர் கேட்ட இடத்தில சொல்லவேணும் எண்டு காத்துக்கொண்டு இருந்தனான். பைக்குள்ள இருந்த உள்பையின்ர சிப் இறுகிப்போச்சு. அந்த நேரத்துக்குள்ள நீங்கள்..."

"அண்டைக்கு வீட்டை வந்த நேரம் ஏன் பிள்ளை இதைச் சொல்லேல்லை?"

"நீங்கள் இருக்கச் சொன்னனீங்களோ?"

ஞானேஸ்வரி மறுபடியும் கையை நீட்டினாள்.

"இப்ப வேணுமெண்டாலும் குடுக்கலாம், பிள்ளை. கோட்டுக்குப் போறன். இதை வைச்சு..."

"இதை வைச்சால் அசலைக் கேப்பினம். அசலைத் திருப்பிப் பாப்பினம். திருப்பிப் பாத்தால் என்ர கலியாணம் பொய்யெண்டு என்ர கையாலயே குடுத்த மாதிரி. கலியாணத்திலயே பொய் எழுதினவளின்ர சாட்சி ஆருக்கு எடுபடும்? இனி என்ர வாயில இருந்து வாற ஒரு சொல்லும் உங்களுக்கு உதவாது, அக்கா. நீங்கள்தான் அதைக் கெடுத்துப்போட்டியள்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஞானேஸ்வரிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அப்பா என்னை ஒண்டரை ஏக்கருக்கு வித்தார். அவர் அப்பிடித்தான், வயசு போகப் போக மண் பைத்தியம். நீங்களும் அதே ஒண்டரை ஏக்கருக்குத்தான் வித்தனீங்கள். உங்களிட்ட நான் அதை எதிர்பாக்கேல்லை."

போட்டோக்கொப்பியை நாலாக மடித்து, திரும்பவும் மடித்து, கைப்பையின் உள்பையில் வைத்தாள். சிப் இந்தமுறை ஒரே இழுவையில் பூட்டிக்கொண்டது.

பஸ் வந்தது. சுகந்தினி முன்னுக்குப் போய் இருந்தாள். ஞானேஸ்வரி இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். நடத்துனர் வந்ததும் அவள் தாள் ஒன்றை நீட்டி, முன்னால் கையைக் காட்டி, "அவாவுக்கும் சேத்து" என்றாள். சுகந்தினிக்குக் கேட்டுவிட்டது.

"எனக்கு நான் எடுப்பன்" என்றாள், திரும்பாமல்.

குளக்கட்டு தாண்டியதும் வயல்வெளி வந்தது. சபை முடியும் என்று யாரும் காத்திருக்கவில்லை. காலையிலேயே கூலிக்கு ஆள் பிடித்திருந்தார்கள். நடராசாவின் ஆட்கள் நாலு பேர் வடக்குக் கரையிலிருந்து மருதமரத்தைத் தாண்டித் தெற்குக் கரை வரைக்கும் வரிசையாக நடந்து, மூன்று ஏக்கருக்கும் ஒன்றாக நெல் விதைத்துக்கொண்டிருந்தார்கள்.